காரணமின்றிக் கூவும் காவற்காரர்



விவேக் நகரிலும் அதை அடுத்த ஈஜிபுரா, நீலசந்திரா பகுதிகளிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் இப்படித் துன்புறுகிற ஒருவர் இருக்கக்கூடும். திடீரென முகமும் கழுத்தும் சிவக்கின்றன. உடலெங்கும் அரிப்போடு தடிப்புகள் எழுகின்றன. வயிறு முறுக்கிப் பேதியாகிறது. நெஞ்சு படபடத்துக் கண் இருள்கிறது. சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. மறுநாள் மருத்துவரிடம் சென்றால் இ.சி.ஜி. சரியாக இருக்கிறது, "மனக்கவலைதான்" என்கிறார்கள். வீட்டார் பாசாங்கு என்கிறார்கள். வேறு சிலர் செய்வினை என்றும், அசுத்த ஆவி என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இத்தகையோரில் ஒருசிலருக்கு இருக்கக்கூடிய நோயே மாஸ்ட் செல் ஆக்டிவேஷன் சிண்ட்ரோம் என்பதாகும்.

மாஸ்ட் செல்கள் நம் உடலின் காவற்காரர்கள். தோல், மூச்சுக்குழல், குடல், இரத்தக் குழாய்களின் ஓரம் ஆகிய வாசல்களில் அவை நிற்கின்றன. 1878-ஆம் ஆண்டு ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் தம் பட்ட ஆய்வில் இவற்றிற்குப் பெயரிட்டார். இவற்றினுள் ஹிஸ்டமின், டிரிப்டேஸ் முதலிய பொருட்கள் சிறுசிறு மணிகளாக நிறைந்துள்ளன. பகை நுழைந்ததென்று கண்டால் அவற்றை வெளியே கொட்டி எச்சரிக்கும். இந்நோயிலோ, அற்பக் காரணத்திற்கும், சிலவேளை காரணமே இன்றியும், காவற்காரர் கூவுகிறார். வெயில், கடும் உழைப்பு, பூச்சிக்கடி, மது, சில வலி மாத்திரைகள், மன அழுத்தம் ஆகியவை அதைத் தூண்டக்கூடும்.

எப்படிக் கண்டறிவது?

2012-இல் பன்னாட்டு வல்லுநர்கள் மூன்று அடையாளங்களை வகுத்து வெளியிட்டார்கள். முதலாவது, தோல், வயிறு, சுவாசம், இரத்த ஓட்டம் ஆகியவற்றில் இரண்டேனும் ஒரே வேளையில், மீண்டும் மீண்டும் பாதிக்கப்பட வேண்டும். இரண்டாவது, அவ்வேளையில் மாஸ்ட் செல்களின் பொருள் இரத்தத்திலோ சிறுநீரிலோ உயர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, அப்பொருட்களைத் தடுக்கும் மருந்தினால் குணம் தெரிய வேண்டும்.

இரண்டாவது அடையாளத்தில்தான் பலர் தவறிப்போகிறார்கள். டிரிப்டேஸ் பரிசோதனைக்கான இரத்தத்தை, தாக்குதல் தொடங்கி நான்கு மணி நேரத்திற்குள் எடுக்க வேண்டும். எல்லாம் அடங்கி ஒரு நாளாவது கழிந்தபின் மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். சாதாரண அளவோடு அதன் 20 சதவீதத்தையும், மேலும் 2 நானோகிராமையும் கூட்டுவார்கள். சாதாரண நாளில் 5 இருப்பவருக்குத் தாக்குதலின்போது 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சாட்சியம். மறுநாள் போனால் சாட்சி மறைந்துவிடும். நோயாளியின் சொல் மாத்திரமே மிஞ்சும்.

எல்லாம் இதுவல்ல

ஒவ்வொரு அரிப்பையும் இந்நோய் என்று எண்ணிவிடாதிருங்கள். சாதாரண ஒவ்வாமையே மிக அதிகம். நம் காலிமனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடியும் தோலையும் மூக்கையும் வருத்தும். பரிசோதனைத் தாளை மட்டும் நம்பி உணவுகளை ஒவ்வொன்றாக விலக்குவதும் ஆபத்தே. பெங்களூர், மைசூர் மக்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் ஏதேனும் ஓர் உணவுக்கு ஒவ்வாமைக் குறி காட்டிய பெரியவர்கள் 26.5 சதவீதம். உணவு ஒவ்வாமை உண்மையில் இருக்கக்கூடியவர்களோ 1.2 சதவீதமே. காரணமின்றிப் பாலையும் முட்டையையும் நிறுத்தினால் பிள்ளைகள்தான் மெலிவார்கள்.

தாக்குதல் வந்தால்

மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திராதேயுங்கள். முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படுவது. செட்ரிசின் மாத்திரை அதற்கு ஈடாகாது. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரவையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வரும் ஜனத்திரளால் நம் தெருக்கள் நெருக்கமாயிருக்கும். எந்த வழியாகக் கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையையோ, அருகிலுள்ள வேறு மருத்துவமனையையோ அடைவது என்று முன்னதாகவே தீர்மானித்து வையுங்கள். குணம் தெரிந்தாலும் உடனே வீடு திரும்ப வேண்டாம். சில மணி நேரத்தில் மறுபடியும் வரக்கூடும்.

ஆராதனையில் ஒருவர் இப்படிச் சாய்ந்தால், ஜெபிக்கிறவர்கள் ஜெபிக்கட்டும். ஒருவர் அந்நேரமே தொலைபேசியை எடுக்கட்டும். ஊசி போட்டுக்கொள்வது அவிசுவாசமல்ல.

நாள்தோறும்

அறிகுறிகளை அடக்க ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகள், ஃபமோடிடின், மான்டிலுகாஸ்ட் முதலியவற்றை மருத்துவர் படிப்படியாகத் தருவார். கடினமான நிலையில் ஒமாலிசுமாப் என்னும் ஊசியும் உண்டு. இரத்த அழுத்தத்திற்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவர் அதை மறவாமல் தெரிவிக்க வேண்டும். அட்ரினலின் வேலை செய்வதை அது தடுக்கக்கூடும். அட்ரினலினை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டறியுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாக்குதல் வந்த நாள், நேரம், உண்டது, செய்த வேலை, உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றை எழுதி வாருங்கள். தடிப்பைக் கைப்பேசியில் படமெடுங்கள். வேலைத்தலத்தில் நம் மொழி அறிந்தவர் அருகில் இல்லாதிருக்கலாம். ஆகவே நோயின் பெயரையும், ஆகாத மருந்துகளையும், "நான்கு மணி நேரத்திற்குள் டிரிப்டேஸ் பரிசோதனை தேவை" என்பதையும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். நாம் பேச முடியாதிருக்கும் நேரத்தில் அந்தச் சீட்டு நமக்காகப் பேசும்.