எழுதிய வரிக்கு வாய் பதில் சொல்ல வேண்டும்!

வேலை தேடிப் போகும் பிள்ளை கையில் கொண்டு போகும் காகிதத்தின் கதை

ஒரு வாலிபர். வயது 22. பி.காம். படித்தவர். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான்.

காலை 10 மணிக்குப் பேட்டி. 8 மணிக்கே வந்து விட்டார். போட்டிருந்த சட்டை அண்ணனுடையது. பூட்ஸ் பக்கத்து வீட்டுக்காரருடையது. கையில் இருந்த பயோடேட்டா, பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் தயாரானது.

எப்படித் தயாரானது? கடைக்காரரின் கம்ப்யூட்டரில் வேறு ஒருவருடைய பயோடேட்டா இருந்தது. கடைக்காரர் பெயரை மாற்றினார். பிறந்த தேதியை மாற்றினார். மார்க்கை மாற்றினார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

வாலிபரை உள்ளே அழைத்தார்கள். அதிகாரி காகிதத்தைப் பார்த்தார்.

"பொழுதுபோக்கு, புத்தகம் படிப்பது என்று போட்டிருக்கிறீர்கள். கடைசியாகப் படித்த புத்தகம் எது?"

வாலிபர் விழித்தார். அந்த வரி அவருடையது அல்ல. முன்பு யாரோ எழுதியது.

"சரி. கம்ப்யூட்டரில் கணக்கு எழுதத் தெரியும் என்று இருக்கிறதே? ஒரு பில்லை எப்படிப் பதிவு செய்வீர்கள்?"

அதற்கும் பதில் இல்லை. ஐந்தே நிமிஷத்தில் பேட்டி முடிந்தது.

அந்த வாலிபருக்குக் கணக்கு தெரியாதா? தெரியும். படிக்கும்போதே இரண்டு ஆண்டுகள், தினமும் மாலையில், மாமாவின் மளிகைக் கடையில் பேரேடு எழுதியவர் அவர். அந்த ஒரு வரி மட்டும் பயோடேட்டாவில் இல்லை!

இல்லாததை எழுதினார். இருப்பதை விட்டு விட்டார். ஊருக்கு ஊர் நடப்பது இதுதான்.

ஓவியர் எழுதிய கடிதம்

வேலை கேட்டு எழுதுவது நேற்று வந்த பழக்கம் அல்ல. இத்தாலி நாட்டில் சுமார் 1482ஆம் ஆண்டில் ஒருவர் வேலை கேட்டுக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 30. அவர்தான் உலகப் புகழ் பெற்ற ஓவியர் லியனார்டோ டாவின்சி.

மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு அந்தக் கடிதம் எழுதப்பட்டது. அதில் முதல் வரியிலேயே "நான் பெரிய ஓவியன்" என்று அவர் எழுதவில்லை. அது யுத்த காலம். ஆட்சியாளருக்கு என்ன தேவை என்று யோசித்தார். எளிதில் தூக்கிச் செல்லக் கூடிய பாலங்கள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று தாம் செய்யக் கூடியவற்றை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். சமாதான காலத்தில் கட்டடம் கட்டவும், தண்ணீரை ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போகவும் தெரியும் என்றார். சிலையும் சித்திரமும் கடைசியில்தான் வந்தன.

முடிவில் இன்னொன்றும் எழுதினார். இவற்றில் எதையாவது நம்ப முடியாவிட்டால், சொல்லுகிற இடத்தில் செய்து காட்டத் தயார் என்றார்.

பிறகு அவர் மிலானில் பல ஆண்டுகள் பணி புரிந்தார். "கடைசி விருந்து" என்ற புகழ் பெற்ற ஓவியத்தைத் தீட்டியதும் அங்கேதான்.

கேட்பவருக்கு எது தேவையோ அதை முதலில் எழுதுவது. எழுதியதைச் செய்து காட்டத் தயாராக இருப்பது. பயோடேட்டாவின் ரகசியம் இந்த இரண்டில் அடங்கி இருக்கிறது.

கலியாண ஜாதகம் அல்ல

பலர் பயோடேட்டாவைக் கலியாண ஜாதகம் போல எழுதுகிறார்கள். தகப்பனார் பெயர், மதம், ஜாதி, உயரம், நிறம் எல்லாம் அதில் இருக்கின்றன. தனியார் கம்பெனி வேலைக்கு இவை தேவை இல்லை. ஆதார் எண்ணையும் அதில் எழுத வேண்டாம். அந்தக் காகிதம் எத்தனை கைக்கு மாறும் என்று யாருக்குத் தெரியும்?

புதிதாக வேலை தேடுபவருக்கு ஒரு பக்கம் போதும். அனுபவம் உள்ளவருக்கு இரண்டு பக்கம். மேலே பெயர், ஊர், டெலிபோன் எண், மின்னஞ்சல். அடுத்து, எந்த வேலைக்கு மனு என்று ஒரு வரி. பிறகு படிப்பு, செய்த வேலை, தெரிந்த தொழில், தெரிந்த மொழிகள். இவ்வளவுதான்.

"கடுமையாக உழைப்பேன்" என்று எழுதாதவர் இல்லை. அதைப் படித்து யாரும் மயங்குவதும் இல்லை. "இரண்டு ஆண்டுகள் மளிகைக் கடையில் தினசரி வரவு செலவு எழுதினேன், 60 வாடிக்கைக்காரர்களின் கடன் கணக்கைப் பார்த்துக் கொண்டேன்" என்று எழுதினால் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார்.

சொந்தக் கடையில் நின்றதும் வேலைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததும் வேலைதான். மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்த்ததும் வேலைதான். சம்பளம் வரவில்லை என்பதற்காக அதை மறைக்க வேண்டியது இல்லை.

பெரிய கம்பெனிகள் பலவற்றில் பயோடேட்டாவை முதலில் படிப்பது மனிதர் அல்ல, கம்ப்யூட்டர். விளம்பரத்தில் கேட்ட தகுதி அதில் இருக்கிறதா என்று அது தேடும். ஆகையால், தெரிந்த தொழிலின் பெயரை விளம்பரத்தில் உள்ளபடியே எழுதுவது நல்லது. பூவேலை, கட்டம், கலர் எல்லாம் கம்ப்யூட்டரைக் குழப்பும்.

பொய் எத்தனை நாள்?

அனுபவச் சான்றிதழை விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். "மூன்று வருஷ அனுபவம் என்று போட்டால் சம்பளம் இரண்டு மடங்கு" என்று ஆசை காட்டுவார்கள்.

2014ஆம் ஆண்டில் வருங்கால வைப்பு நிதிக்கு 12 இலக்க எண் வந்தது. யு.ஏ.என். என்று அதைச் சொல்வார்கள். தொழிலாளி எத்தனை கம்பெனி மாறினாலும் எண் ஒன்றுதான். எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அந்தக் கணக்கில் தெரிந்து விடும். வேலையில் சேர்ந்த பிறகும் பழைய விவரங்களைச் சரிபார்க்கும் கம்பெனிகள் உண்டு. பொய் வெளிப்பட்டால் அன்றே வேலை போகும். அதை நம்பிக் கடன் வாங்கிய குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

பயோடேட்டாவின் அடியில், "மேலே கண்டவை எல்லாம் உண்மை" என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த வரியைப் படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு பேப்பரில் தவறி, மறுபடி எழுதித் தேறியவர் அதைக் கண்டு கூச வேண்டியது இல்லை. "முதலில் தவறினேன். ஆறு மாதம் படித்துத் தேறினேன்" என்று சொன்னால் போதும். தாயாரின் வைத்தியத்துக்காக ஒரு வருஷம் வீட்டில் இருந்தவரும், குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண்ணும் அப்படியே சொல்லலாம். பதுங்கினால்தான் சந்தேகம் வரும்.

பெயரில் ஒரு எழுத்து

பள்ளிச் சான்றிதழில் பெயர் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாங்க் புத்தகத்தில் இன்னொரு விதம். தமிழ்நாட்டில் இது சகஜம். இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், மற்றொன்றில் பின்னால் இருக்கும். வேலை கிடைத்த பிறகு இதனால் வீண் அலைச்சல் வரும். எல்லாவற்றையும் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பேட்டிக்கு முன்பே திருத்திக் கொள்ள வேண்டும்.

அரசு வேலை தேடுபவருக்கு இது இன்னும் முக்கியம். 2016ஆம் ஆண்டு ஜனவரி 1ந் தேதி முதல் மத்திய அரசின் குரூப் சி பதவிகளுக்குப் பேட்டி கிடையாது. தமிழ்நாட்டில் குரூப் 4 பதவிகளுக்கும் எழுத்துத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும்தான். அங்கே பேசிச் சமாளிக்க முடியாது. காகிதம்தான் பேசும்.

வீட்டிலேயே ஒத்திகை

பேட்டிக்குப் பயிற்சி பெறப் பணம் வேண்டியது இல்லை. வீட்டில் உள்ளவர்களே போதும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை கையில் பயோடேட்டாவைக் கொடுக்க வேண்டும். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து, "இது என்ன? எப்போது செய்தாய்? எப்படிச் செய்தாய்?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாத வரியை உடனே அடித்து விட வேண்டும்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று கவலை வேண்டாம். முதலில் தமிழில் சொல்லட்டும். அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால், விஷயம் மனதில் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். தெளிவாக இருப்பதை எளிய இங்கிலீஷில் சொல்வது கஷ்டம் அல்ல.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது தவறாமல் வரும் கேள்வி. அதற்கு ஒரு நிமிஷப் பதில் தயாராக இருக்க வேண்டும். என்ன படித்தார், என்ன செய்தார், இந்த வேலை ஏன் வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

தெரியாத கேள்வி வந்தால், "தெரியாது, ஐயா. கற்றுக் கொள்கிறேன்" என்று சொல்வதில் அவமானம் இல்லை. சுற்றி வளைப்பதுதான் அவமானம்.

பேட்டி நாள்

முதல் நாளே இடத்தைப் பார்த்து வருவது நல்லது. சான்றிதழ்களின் அசலும் நகலும் முந்தின இரவே பையில் ஏறி விட வேண்டும். சட்டை புதிதாக இருக்க வேண்டியது இல்லை. துவைத்து இஸ்திரி போட்டிருந்தால் போதும். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. வாசலிலேயே செல்போனை அணைத்து விட வேண்டும்.

செல்போனிலேயே பேட்டி நடப்பதும் உண்டு. அப்போது வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரம் டெலிவிஷனும் மிக்ஸியும் ஓடாமல் வீட்டார் பார்த்துக் கொள்ள வேண்டும்.

பணம் கேட்டால் எழுந்து வரலாம்

"வேலை உறுதி. ஐயாயிரம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், அது வேலை அல்ல, வலை. நல்ல கம்பெனி எதுவும் வேலை கொடுக்கப் பணம் கேட்பது இல்லை.

2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன வாலிபர்கள் மியான்மர் நாட்டுக்குள் கடத்தப்பட்டார்கள். இணைய மோசடி செய்யும்படி வற்புறுத்தப்பட்டார்கள். தமிழ்நாட்டு வாலிபர்களும் அதில் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். கேள்வி கேட்பது அதிகாரியின் உரிமை மட்டும் அல்ல. கம்பெனி எங்கே இருக்கிறது, என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டுத் தெரிந்து கொள்ளும் உரிமை வேலைக்குப் போகிறவருக்கும் உண்டு.

மறுபடியும் அதே வாலிபர்

மளிகைக் கடை வாலிபர் என்ன ஆனார்?

இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், தங்கையின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துத் தம் கையாலேயே எழுதினார். பொழுதுபோக்கு போயிற்று. தெரியாதது எல்லாம் போயிற்று. மாமா கடையின் பேரேடு வந்தது.

அடுத்த பேட்டி ஒரு மொத்த வியாபாரக் கடையில். சட்டை அதே அண்ணன் சட்டைதான்.

"கடன் வாங்கியவர் ஒருவர், பணத்தைக் கட்டி விட்டேன் என்கிறார். நோட்டில் வரவு இல்லை. என்ன செய்வீர்கள்?" என்று முதலாளி கேட்டார்.

வாலிபருக்குச் சிரிப்பு வந்து விட்டது. மாமா கடையில் மாதம் இரண்டு முறை நடந்த சண்டை அது! எப்படிச் சரிபார்ப்பது, எப்படிப் பேசுவது, வாடிக்கையை விடாமல் எப்படிக் கணக்கை முடிப்பது என்று பத்து நிமிஷம் பேசினார்.

முதலாளி காகிதத்தை மடித்து வைத்தார்.

"ஒன்றாம் தேதி வந்து விடு, தம்பி" என்றார்.