ஆறு வட்டமிட்ட ஊர்

மழைக்காலத்தில் ஆற்றுக் கடவில் இறங்கும் முன் அம்மை தண்ணீரைத்தான் பார்ப்பாள். நிறம் சற்றே கலங்கி, பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் போதும். "கரை கேறுங்க பிள்ளைகளே, மலையில மழை" என்று முங்கிக்கொண்டிருக்கும் எங்களை விரட்டுவாள். எங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். முணுமுணுத்துக்கொண்டே ஏறுவோம். துணி பிழிந்து முடிப்பதற்குள் அம்மை துவைத்த கல் தண்ணீருக்குள் போயிருக்கும்.

நான் பிறந்த திருவட்டாறில் எந்தத் தெருவில் இறங்கி நடந்தாலும் கடைசியில் ஆறுதான். ஒரு பக்கம் கோதையாறு, மறுபக்கம் பரளியாறு. ஊரை வளைத்து வந்து இரண்டும் மூவாற்றுமுகத்தில் கலக்கின்றன. அங்கிருந்து ஒரே ஆறாகக் குழித்துறை கடந்து தேங்காப்பட்டணத்தில் கடலைச் சேர்கின்றன. அந்த ஆற்றைத் தாமிரபரணி என்றும் குழித்துறையாறு என்றும் சொல்வோம். திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு.

ஆறு வட்டமிடுவதால் வட்டாறு. 'வாட்டாறு' என்று நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடியிருக்கிறார். 108 திவ்யதேசங்களில் இதுவும் ஒன்று. அதற்கும் முன்பே, புறநானூற்றின் 396ஆம் பாட்டில் மாங்குடி கிழார் வாட்டாற்று எழினியாதனைப் பாடுகிறார். அந்த வாட்டாறும் எங்கள் ஊரே என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஊரின் கதையும் வெள்ளக் கதைதான். கேசன் என்னும் அசுரனைத் திருமால் அடக்கி, அவன் மேல் பள்ளிகொண்டார். அவனைக் காப்பாற்ற ஆறுகள் பெருக்கெடுத்து வந்தன. பூமாதேவி பெருமாள் கிடந்த இடத்தை மேடாக உயர்த்தினாள். மூழ்கடிக்க வந்த ஆறுகள் அவரைச் சுற்றி வணங்கிப் போயின. என்றோ ஒரு பெருவெள்ளத்தில் மேட்டில் ஏறிப் பிழைத்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதையாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். கோயில் இன்றும் அந்த மேட்டில்தான் இருக்கிறது. படியேறித்தான் போக வேண்டும்.

உள்ளே ஆதிகேசவப் பெருமாள் மேற்கு நோக்கிக் கிடக்கிறார். நீளம் 22 அடி. கல்லில் செதுக்கிய சிலை அல்ல; 16,008 சாளக்கிராமங்களை அடுக்கி, கடுசர்க்கரை என்னும் பழைய மருந்துக் கலவை பூசி உருவாக்கியது. மூன்று வாசல் வழியாக நகர்ந்து நகர்ந்துதான் முழுத் திருமேனியையும் பார்க்க முடியும். சின்ன வயதில் முகத்தைப் பார்த்த கையோடு பாதம் பார்க்க ஓடுவேன். சுற்றுப் பிராகாரத்தின் தூண்களில் விளக்கேந்தி நிற்கும் பெண்களில் ஒருத்தியின் முகம் அடுத்தவளுக்கு இல்லை. கூரை கேரளப் பாணி, பாசுரம் தமிழ், பூசை மலையாள நாட்டு முறை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூரோடும் பிறகு அதன் வழிவந்த மாநிலத்தோடும் இருந்தவர்கள். இரண்டு மொழியும் கலந்த பேச்சைக் கேட்டு நாகர்கோவிலில் சிலர் சிரித்ததுண்டு. அம்மையின் 'கேறுங்க' எனக்குத் தாய்மொழி.

2022 ஜூலை 6 அன்று கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. 418 ஆண்டுக்குப் பிறகு என்றார்கள். எத்தனை தலைமுறை அதைப் பார்க்காமலே போயிருக்கும்! என் பாட்டாவும் அவர்களில் ஒருவர்.

பாட்டாவும் அப்பாவும் ரப்பர் வெட்டியவர்கள். இருட்டிலேயே தலைவிளக்கோடு போய்ப் பட்டையைக் கீறிச் சிரட்டை வைத்து வருவார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அன்று மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டு, ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் போவார்கள். 2017இல் ஒக்கி புயல் வந்துபோன காலையில் வேரோடு சாய்ந்து கிடந்த மரங்களுக்கு நடுவே அப்பா வெகுநேரம் பேசாமல் நின்றார்.

எங்கள் ஆறுகள் எங்களுக்கு மட்டும் ஓடியதில்லை. பரளியாற்றின் தண்ணீரைப் பாண்டியன்கால் என்னும் கால்வாய் பழையாற்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. நாஞ்சில் நாட்டு நெல்லில் எங்கள் மலைத் தண்ணீரும் உண்டு. கோதையாற்றின் குறுக்கே மிஞ்சின் என்ற பொறியாளர் கட்டிய பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. பரளியாற்றுக்குப் பெருஞ்சாணி அணை 1950களின் தொடக்கத்தில் வந்தது. பக்கத்து மாத்தூரில், காமராசர் காலத்தில் திட்டமிட்ட தொட்டிப்பாலம் 28 தூண்களின் மேல் பரளியாற்றைத் தாண்டுகிறது. கீழே ஆறு, 115 அடி உயரத்தில் கால்வாய். விருந்தாளிகள் வந்தால் அங்கேதான் கூட்டிப்போவோம்.

வருகிறவர்கள் பெருமாளையும் பாலத்தையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். கடவுக்கு யாரும் இறங்குவதில்லை. வீட்டுக்குள் குழாய் வந்த பிறகு ஊர்க்காரர்களும் இறங்குவது குறைந்துவிட்டது. படிகளில் பாசி பிடித்திருக்கிறது. தண்ணீரின் நிறம் பார்த்து மலை மழையைச் சொல்ல என் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். சென்ற விடுமுறையில் இருவரையும் கூட்டிப்போய்ப் பாசியைத் தேய்த்தேன். மூத்தவன் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, ஒரு இலை வருது" என்றான். பழுத்த இலை. "அது ஒண்ணுமில்லடா, குளி" என்றேன்.