ரயிலில் தேநீர் ஏன் தளும்புகிறது?

ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இடிஎஸ் மின்ரயில் 2010இல் ஓடத் தொடங்கியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை பாயும் இந்த ரயிலில், பத்து காஜாவைத் தாண்டும்போது தேநீர் தளும்பினால் பெட்டியை மட்டும் குறை சொல்லாதீர்கள், மாணவர்களே.

ரயில் சக்கரம் கூம்புபோல் லேசாகச் சரிந்திருக்கும். அச்சு இடப்புறம் விலகினால், இடச் சக்கரம் பெரிய சுற்றளவிலும் வலச் சக்கரம் சிறிய சுற்றளவிலும் உருளும். உடனே அச்சு நடுப்பக்கம் திரும்பும். ஆனால், அங்கேயே நிற்காது. மறுபுறம் தாண்டிப் போகும். இப்படி இடமும் வலமுமாக நெளிவதுதான் நாம் உணரும் ஆட்டம். சக்கரம் தேயத் தேய, வேகம் கூடக் கூட, நெளிவும் மோசமாகும். நம் தண்டவாள அகலமோ 1 மீட்டர்தான். பல நாடுகளில் 1.435 மீட்டர்.

மேலும் கீழுமான அதிர்வு வேறு கதை. நொடிக்கு 4 முதல் 8 முறை குலுங்கினால் உடலுக்கு மிகவும் தொல்லை. பெட்டிக்கு அடியிலுள்ள காற்று வில், அதைச் சுமார் 1 முறை அசையும் மெதுவான ஆட்டமாக்குகிறது. காற்றை அடைத்து வைத்திருக்கும் அந்தப் பை எதனால் ஆனது தெரியுமா? ரப்பரால்! தாத்தா பாட்டி பால் வெட்டிய தோட்டங்களைக் கடக்கும்போது நினைத்துப் பாருங்கள்.

தாமதம்? தண்டவாளம் அமிழ்ந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். 10 கிலோமீட்டரை 140க்குப் பதில் 70இல் கடந்தால் 4 நிமிடத்துக்குமேல் போய்விடும். பின்னால் வரும் ரயிலும் காத்திருக்கும்.