புழு போட்ட எரு

எங்கள் வீடு சிரம்பானில் ஒரு தாமானின் மூலை வீடு. அதனால் பக்கவாட்டில் எட்டடி அகலத்துக்கு மண் கிடைத்தது. அந்த மண்ணை நாங்கள் யாரும் தொடுவதில்லை, அது அப்பாவின் ராஜ்ஜியம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டம் போய், லயன் வீடு போய், தாமானுக்கு வந்த பிறகும் காலை ஐந்தரைக்கு எழும் பழக்கம் மட்டும் போகவில்லை. வெண்டை, கத்தரி, சிலி பாடி, முருங்கை, செராய், ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை மரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஜாகிங் பாதைக்கு அழைத்தால் வரமாட்டார். வெண்டை வரிசையில்தான் நடப்பார்.

அந்தத் தோட்டத்துக்கே ஆபத்து வந்தது கோழி எருவால். மூட்டை பிரித்த நாளில் வீசும் வாடை ஒரு பக்கம், மழை பெய்தால் மொய்க்கும் ஈக்கள் ஒரு பக்கம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார்கள், பெயர் சொல்லவில்லை, ஆனால் எங்கள் வேலியின் நிறம் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பா மறுபேச்சு பேசாமல் எருவை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள் கடைக் குருணை உரம் போட்டுப் பார்த்தார். 2021, 2022இல் உலகமெங்கும் உர விலை ஏறியதே, அதிலிருந்து அந்தப் பையைத் தூக்கும்போதெல்லாம் விலையைப் பார்ப்பார். அதைவிட, “இது செடிக்குத் தீனிம்மா, மண்ணுக்கு ஒண்ணும் இல்ல” என்பது அவர் கட்சி. மெதுவாகத் தோட்டத்துக்குப் போவதே குறைந்தது. எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

வாடை வராத எரு ஏதாவது உண்டா என்று தேட ஆரம்பித்தேன். அப்படிக் கையில் வந்ததுதான் ஃப்ராஸ். காப்பித்தூள் போல உதிரியாக, பழுப்பாக, ஈர மண் வாசனையோடு ஒரு கிலோ பை.

ஃப்ராஸ் என்பது ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல். ‘விழுங்கித் தின்பது’ என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. பூச்சிகளும் புழுக்களும் தின்று போட்ட எச்சத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆட்டுக்குப் புழுக்கை, மாட்டுக்குச் சாணம் என்று தனித்தனியாகப் பெயர் வைத்த நம் மொழியில் இதற்கென்று ஒன்று நிலைக்கவில்லை. அப்பா கேட்டவுடனே ‘புழு எரு’ என்றார். வீட்டில் அதுவே பெயராகிவிட்டது.

இந்த எரு புதியது என்று நினைக்க வேண்டாம். தெற்குச் சீனத்தில் முத்து ஆற்றுப் படுகையில் குளத்தைச் சுற்றிக் கரை அமைத்து, கரையில் மல்பெரி வளர்த்து, இலையைப் பட்டுப்புழுவுக்கும் புழுவின் எச்சத்தைக் குளத்து மீனுக்கும் போட்டு, குளத்துச் சேற்றை அள்ளி மறுபடி மல்பெரிக்கே எருவாக இட்ட முறை பல நூற்றாண்டுகள் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் படுக்கைக் கழிவைக் குப்பையில் கொட்டுவதில்லை, மட்க வைத்து வயலுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். புதிதாக வந்திருப்பது, பட்டுப்புழுவின் இடத்தைப் பிடித்த இன்னொரு புழு.

அதன் பெயர் கறுப்புப் படைவீரன் ஈ. மலாயில் லாலாட் அஸ்கார் ஹீத்தாம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது, இப்போது வெப்ப நாடுகள் பெரும்பாலானவற்றில் பரவிவிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டோரங்களிலும் மட்குத் தொட்டிகளிலும் தானாகவே வரும். பார்ப்பதற்கு மெலிந்த குளவி மாதிரி இருக்கும், ஆனால் கொட்டாது, கடிக்காது. வளர்ந்த ஈ சாப்பாட்டைத் தேடி நம் மேசைக்கு வருவதில்லை, புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்தே ஓரிரு வாரம் வாழ்ந்து, இணைந்து, நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு முடிந்துவிடும். சமையலறையில் நாம் விரட்டும் வீட்டு ஈயோடு இதைச் சேர்க்கக் கூடாது.

சாப்பாடு எல்லாம் புழுப் பருவத்தில்தான். முட்டையிலிருந்து வந்து ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கான மடங்கு எடை கூடிவிடும். மிச்சச் சோறு, காய்கறித் தோல், பழச் சக்கை, சோயா கழிவு எதைப் போட்டாலும் தின்னும். போட்ட கழிவின் எடை பாதியிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு வரை குறைந்துபோகும். 27 முதல் 30 பாகை வரையிலான சூடு இதற்கு மிகவும் பிடிக்கும். ஐரோப்பாவில் ஹீட்டர் போட்டு வளர்க்கிறார்கள், நமக்கு அந்தச் செலவு இல்லை. தின்று முடித்ததும் புழுக்களைச் சலித்தெடுத்துக் கோழித் தீனிக்கும் மீன் தீனிக்கும் அனுப்புகிறார்கள். சல்லடைக்குக் கீழே நிற்பது ஃப்ராஸ்: எச்சம், தின்னாமல் விட்ட துணுக்குகள், புழு உரித்துப் போட்ட சட்டைகள்.

கழிவுக்கு இங்கே பஞ்சமில்லை. மலேசியாவில் நாளொன்றுக்குச் சுமார் 17,000 டன் உணவுக் கழிவு சேர்வதாகத் திடக்கழிவு நிர்வாகக் கழகம் சொல்லி வந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு சேர்ந்தது 755,000 டன், அதில் மறுபயனுக்குப் போனது 18 விழுக்காடுதான். ஜோகூரில் நியூட்ரிஷன் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் பெரிய ஆலை வைத்து இந்தப் புழுவிலிருந்து தீனியும் எருவும் தயாரித்திருக்கிறது. சிங்கப்பூரில் 2017இல் இன்செக்டா தொடங்கியது. இவை தவிர சிறு பண்ணைகள் பல, இணையக் கடைகளில் பொட்டலம் போட்டு விற்கின்றன. தரம் ஆளுக்கு ஆள் மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்படி என்ன இருக்கிறது அதில்?

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் உண்டு. தழைச்சத்து பெரும்பாலும் 2 முதல் 4 விழுக்காட்டுக்குள் இருக்கும், புழுவுக்கு என்ன தீனி போட்டார்கள் என்பதைப் பொறுத்து மாறும். 15-15-15 என்று எழுதிய கடை உரத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் அந்த உரத்தில் இல்லாத இரண்டு இதில் இருக்கின்றன. ஒன்று, மண்ணுக்குப் போய்ச் சேரும் மட்குப் பொருள். மற்றொன்று கைட்டின்.

இறால் தோல், நண்டு ஓடு, பூச்சியின் சட்டை, எல்லாம் கைட்டினால் ஆனவை. பூஞ்சையின் செல் சுவரிலும் அது உண்டு. ஆகவே வேருக்கு அருகில் கைட்டின் துணுக்கு தட்டுப்பட்டால், எதிரி வந்துவிட்டான் என்று செடி எண்ணிக்கொள்கிறது, தன் தற்காப்பை முடுக்கிவிடுகிறது. மண்ணில் கைட்டினைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன, அவற்றில் சில கெட்ட பூஞ்சைகளையும் சேர்த்துத் தின்னும். ஆய்வுக்கூடத்தில் இது நன்றாகவே தெரிகிறது. ஆனால் விற்பவர்கள் சிலர் “பூச்சி மருந்தே வேண்டாம்” என்று எழுதுவதை நான் நம்பமாட்டேன். எங்கள் கத்தரியில் மாவுப்பூச்சி முன்பு போலவே வருகிறது, அப்பா முன்பு போலவே சோப்புத் தண்ணீர் அடிக்கிறார்.

கீரையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. சிவப்புக் கீரைப் பாத்தியில் பாதிக்குப் புழு எரு, பாதிக்கு வெறும் மண் என்று அப்பா கயிறு கட்டிப் பிரித்தார். மூன்றாவது வாரம் கயிறு இல்லாமலே எல்லை தெரிந்தது. கறிவேப்பிலை புதுத் துளிர் விட்டது. தக்காளியில் ஒன்றும் தெரியவில்லை, அதற்கு எங்கள் ஊர் வெயில் காரணமாக இருக்கலாம். ஒரு வீட்டுப் பாத்தி ஆராய்ச்சியாகிவிடாது. ஆனால் ஈ வரவில்லை, வாடை வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இப்போது கார் நிறுத்தும் சண்டை மட்டும்தான்.

முகர்ந்து பார்த்து வாங்குங்கள்

இரண்டாவது முறை வேறொரு விற்பனையாளரிடம் மலிவாகக் கிடைத்தது. பையைப் பிரித்ததும் மூக்கைக் குத்தியது. அப்பா ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, “சூடு தணியாத எரு. இப்பப் போட்டா வேர் வெந்துடும்” என்றார். படித்துப் பார்த்தபோது அவர் சொன்னதைத்தான் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். புழுவைச் சலித்த கையோடு வரும் புது ஃப்ராஸில் அம்மோனியா அதிகம் இருக்கும், முழுதாக மட்கியிருக்காது, நாற்றையும் விதையையும் பாதிக்கும். சில வாரம் ஆற வைத்தால்தான் பக்குவம். அப்பா அதைக் கோணிப்பையில் பரப்பி, கூரை நிழலில் வைத்து, லேசாக ஈரம் காட்டி, வாரம் ஒருமுறை புரட்டினார். ஐந்து வாரத்தில் குத்தும் வாடை போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் ஃப்ராஸை 70 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும் என்று 2021இல் விதி செய்திருக்கிறார்கள், கெட்ட கிருமிகள் சாக வேண்டும் என்பதற்காக. இங்கே வாங்கும்போது, சூடு காட்டியதா, புழுவுக்கு என்ன தீனி போட்டார்கள் என்று விற்பவரிடம் கேட்பதில் தவறில்லை. உணவுக் கடை மிச்சத்தை மட்டும் தின்று வளர்ந்த புழுவின் எருவில் உப்பு கூடுதலாக இருக்கலாம். தொட்டிச் செடிக்கு அது ஆகாது.

சிங்கப்பூர் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் பத்துத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் எங்களைப் போலக் கொஞ்சம் மண் உள்ளவர்களுக்கும் அளவு ஒன்றுதான்: குறைவு. புதுத் தொட்டி நிரப்பும்போது பத்துப் பங்கு மண் கலவைக்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வளர்ந்த செடிக்கு மாதம் ஒருமுறை, நடுத்தரத் தொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி. தண்டை ஒட்டிக் கொட்டாமல் விளிம்போரம் தூவி, மேல்மண்ணோடு கிளறி, தண்ணீர் ஊற்றுங்கள். மேலாகவே கிடந்தால் நம் ஈரக் காற்றில் வெள்ளைப் பூஞ்சை படரும். செடிக்குக் கெடுதல் இல்லை, பார்ப்பவர்களுக்குத்தான் பிடிக்காது. கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் தாராளமாகப் போடலாம். மிளகாய் பூவெடுக்கும் நேரத்தில் கையைச் சுருக்கிக்கொள்ளுங்கள், தழைச்சத்து ஏறினால் இலைதான் பெருக்கும். விதை போடும் தட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

தூசியாகப் பறக்கும் என்பதால் கொட்டும்போது முகக்கவசம் நல்லது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் அது கட்டாயம். அவர்களில் சிலருக்குப் பூச்சிப் புரதமும் ஒவ்வாமை தரும். பையை இறுக்கிக் கட்டி, மழை படாத இடத்தில் வையுங்கள்.

புழுவையே வீட்டில் வளர்க்கலாமா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். முடியும். மூடியுள்ள வாளி, சாய்வாக ஒரு பலகை. முதிர்ந்த புழு உலர்ந்த இடம் தேடித் தானே ஏறி வெளியே வந்துவிடும், கையால் பொறுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும் தாமானில், வாளியின் ஈரம் கொஞ்சம் கூடினாலும் நாற்றம் எழும். எங்களுக்கு ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் படம் போதும். பொட்டலம் வாங்குகிறோம்.

வீட்டில் தீராமல் நின்றது அம்மாவின் கேள்வி. அம்மா சைவம். “அந்தப் புழுவை என்ன செய்யறாங்க?” என்று நேராகவே கேட்டார். பண்ணையில் பெரும்பாலானவற்றைக் கொன்று தீனியாக்குகிறார்கள், முட்டைக்காகக் கொஞ்சத்தை ஈயாக விடுகிறார்கள் என்று சொன்னேன். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பா தன் பங்குக்கு, “கோழி எரு மட்டும் எங்கேருந்து வந்துச்சு? அந்தக் கோழி காசிக்கா போச்சு?” என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. காய்கறிக்குப் போடலாம். பூஜைக்குப் பறிக்கும் மல்லிகைக்கும் வெற்றிலைக் கொடிக்கும் துளசிக்கும் கூடாது. அவற்றுக்கு மாட்டுச் சாணம்தான்.

ஆகவே சனிக்கிழமைகளில் அப்பாவை ஏற்றிக்கொண்டு, மாடு வளர்க்கும் நண்பர் வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஓட்டுகிறேன். திரும்பும் வழியெல்லாம் கார் கண்ணாடியை இறக்கி வைத்திருப்போம். உலர்ந்த சாணம்தான், ஒரு சின்ன வாளி, மூடி போட்டது.