சோறு போய் சப்பாத்தி வந்தால் போதுமா?

சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே பல வீடுகளில் இரவுச் சோறு நின்றுவிடும். நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பார்த்தால், எண் இறங்கியிருக்காது. "ராத்திரியில சோத்தையே தொடுறதில்லை டாக்டர், அப்புறம் எப்படி?" என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. தானியத்தை மாற்றச் சொன்ன அளவுக்கு, அளவைக் குறைக்க யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

தானியம் மாறினாலும் மாவுச்சத்து அங்கேயேதான்

100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 65 கிராமை ஒட்டி இருக்கும். நாலு பெரிய சப்பாத்திக்கு 120 கிராம் மாவு பிசைந்தால், கணக்கு 100 கிராம் அரிசியில் வடித்த சோற்றுக்குச் சமமாகிவிடுகிறது. கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அந்த லாபத்தை நாலாவது சப்பாத்தி தின்றுவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் கணக்கிட்டது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் வகைப் புரதத்தை வைக்கும்போதுதான் குறைவு தெரிந்தது.

காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி குடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நைஸாக அரைத்துக் கரைத்த மாவு சீக்கிரம் செரித்து, ரத்தச் சர்க்கரையையும் வேகமாக ஏற்றும்.

மூன்று முறை சோறு எதற்கு?

சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு போட்டுக்கொள்வது நம் வழக்கம். சர்க்கரை ஏறும் இடம் இதுதான் என்பேன். சோறு ஒரே தடவை போதும். ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம், ருசி ஒன்றும் கெட்டுவிடாது.

தட்டில் பாதி காய்கறி, கால்வாசி புரதம், மீதிக் கால்வாசிதான் சோறோ சப்பாத்தியோ. கோவைக்காய், புடலங்காய், அவரை, வாழைப்பூ, கீரை எல்லாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். உருளை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய் பொரியலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை சோற்றுப் பங்கு. புரதத்துக்கு சாம்பாரை நம்ப வேண்டாம், அதில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். கெட்டிக் கூட்டு, சுண்டல், முட்டை, மத்தி மீன் என்று தனியாக ஏதாவது இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். காசு செலவில்லாத வழி இது.

கருப்பட்டிக் காபி

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டிலும் மைதா இருக்கிறது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஜூஸ் வேண்டாம்.

விரதம் இருப்பவர்களுக்கு

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் அமாவாசை, சஷ்டி என்று வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். விரத நாளில் மருந்தின் அளவை என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும். ஏறியதும் ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.