எண்ணூறு மைக்ரோசெகண்டு மௌனம்

மாதுங்காவிலோ செம்பூரிலோ உள்ள ஒரு பள்ளியின் செய்முறைக்கூடத்தை எண்ணிக்கொள்வோம். மாணவன் ஒருவன் ராஸ்ப்பெரி பை பிக்கோ என்னும் சிறு மின்னணுப் பலகையைக் கணிப்பொறியில் நேரே இணைக்கின்றான். அது உடனே இயங்குகின்றது. பல கருவிகள் ஓயாது செய்தி பரிமாறிக்கொண்டிருக்கும் யு.எஸ்.பி. ஹப்பில் அதையே இணைத்தால், கணிப்பொறி அதனை அறிந்துகொள்வதேயில்லை. வடம் மாற்றப்படுகின்றது, மாணவன் கண்டிக்கப்படுகின்றான், முடிவில் பலகை பழுதெனக் கழிக்கப்பட்டு, தாராவியின் பழைய பொருட்கிடங்கைச் சென்றடைகின்றது. உண்மையில் குற்றம் மாணவனுடையதாகவோ வடத்தினுடையதாகவோ இல்லாமலிருக்கலாம்.

1996இல் வெளிவந்த யு.எஸ்.பி. முறையில் கணிப்பொறியே தலைமை தாங்குகின்றது. ஏனைய கருவிகள் கேட்டபோது மட்டும் விடையளிக்கின்றன. விநாடிக்கு 1 கோடியே 20 லட்சம் பிட்டுகள் செல்லும் வேகத்தில், ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஒரு தொடக்கக் குறி அனுப்பப்படுகின்றது. புதிய கருவி இணைந்ததும் கணிப்பொறி அதனை மீட்டமைத்து, பின்னர் அழைக்கின்றது. அழைப்புக்கு விடையளிக்க அக்கருவி ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

பிக்கோ பலகையின் உயிர்நிலை ஆர்.பி.2040 என்னும் சில்லு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ராஸ்ப்பெரி பை நிறுவனம் 2021 ஜனவரியில் அதனை வெளியிட்டது. அதன் முதற்பதிப்புகளில் ஒரு பிழை இருந்தது. மீட்டமைப்பு முடிந்தபின், தொடர்ந்து 800 மைக்ரோசெகண்டு நேரம் கம்பியில் அமைதி நிலவினால்தான் சில்லு தன்னை இணைந்ததாகக் கருதும். ஒரு மில்லிசெகண்டு என்பது 1000 மைக்ரோசெகண்டு. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரத்தைப் பிற கருவிகளுக்குரிய செய்திகள் எப்போதும் நிரப்பிக்கொண்டிருந்தால், தேவையான அமைதி கிட்டாது. வகுப்பு முழுவதும் அடங்கினால்தான் உள்ளே வருவேன் என்று வாயிலிலேயே நிற்கும் புதிய மாணவனைப் போன்றது இந்நிலை. ஆசிரியர் பெயர் அழைக்கும்போது விடை வாராது.

நிறுவனம் இப்பிழையைத் தன் தரவேட்டின் பிழைப்பட்டியலில் ஐந்தாவதாக வெளியிட்டது. பி2 எனப்படும் பதிப்பில் சில்லே திருத்தப்பட்டது. முந்தைய பதிப்புகளுக்கென ஒரு நிரல் வழியும் உண்டு: அது கம்பியின் நிலையைக் கவனித்து, சில்லை இணைந்த நிலைக்குச் செலுத்துகின்றது. இதற்காக 15ஆம் எண் உள்ளீட்டு–வெளியீட்டு முனை சிறிது நேரம் பயன்படுத்தப்படுவதால், அம்முனையில் வேறு கருவியைப் பொருத்துவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பின்வரும் முறையைக் கையாளலாம். முதலில் வேறு நல்ல வடத்தால் சோதிக்க. சில வடங்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும். அடுத்து, பலகையைக் கணிப்பொறியில் நேரே இணைக்க. அங்கு இயங்கினால், ஹப்பிலுள்ள பிற கருவிகளை நீக்கிவிட்டுப் பலகையை முதலில் இணைக்க. பின்னர் சில்லின் மேல் அச்சிட்டுள்ள பதிப்புக் குறியைப் பார்க்க. பி0 அல்லது பி1 எனில், மேற்கூறிய நிரல் வழியைச் சேர்க்க.

ஒரு சமயம் தோன்றி மறுசமயம் மறையும் பழுதைக் கண்டால், பொருளை மட்டும் ஆராய்வது போதாது. அவ்வேளையில் அதனுடன் வேறு எவை இணைந்திருந்தன என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும். இப்பழக்கம் ஒரு நல்ல பலகையைக் காப்பதோடு, குற்றமற்ற மாணவன் பழி சுமப்பதையும் தவிர்க்கும்.