ரீச்சருக்கு ஒரு பிடி அரிசி

வாணி விழாவுக்கு முதல்நாள் இரவு வன்னியில் எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி எழும்பும். "அம்மா, நாளைக்கு ரீச்சருக்கு என்ன கொண்டுபோறது?"

அம்மா உடனே பதில் சொல்லமாட்டார். புரட்டாதி முடிந்து ஐப்பசி பிறக்கிற காலம் அது. உழவுக்கூலி, விதைநெல், பசளை என்று கையிலிருந்த காசு முழுவதும் காலபோக வயலுக்குள் போயிருக்கும். வயல் இல்லாத வீடென்றால் கடைக்காரரின் கொப்பியில் கணக்கு நீண்டிருக்கும். "காலமை பாப்பம், படு" என்று பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, விடிய எழும்பிப் பக்கத்து வீட்டில் 200 ரூபா கைமாற்றுக் கேட்கிற தாய்மாரை எனக்குத் தெரியும். அந்த 200 ரூபாவைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஊர்களில் ஞாயிறு காலை கோயில் மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ அறநெறிப் பாடசாலை நடக்கும். இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் பதிந்த பாடசாலை என்றால் பாடப்புத்தகம் இலவசமாக வரும். படிப்பிக்கிறவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பெண்பிள்ளை, முன்பள்ளி ஆசிரியை, வேலை கிடைக்காத பட்டதாரி, எப்போதாவது ஓய்வுபெற்ற ஓர் அதிபர், இவர்கள்தான் ரீச்சரும் சேரும். கத்தோலிக்கரிடம் இவர் மறையாசிரியர். திருப்பலி முடிய மறைக்கல்வி எடுப்பார். மற்றத் திருச்சபைகளில் ஞாயிறு பாடசாலை ஆசிரியர். அங்கெல்லாம் இதே கேள்வி மார்கழியில், ஒளிவிழாவுக்கு முதல்நாள் வரும். நீராவிப்பிட்டியிலும் சாளம்பைக்குளத்திலும் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற மௌலவிக்குப் பெருநாளில் கொடுப்பதை ஹதியா என்பார்கள்.

நானும் இரண்டு வருடம் இந்த வகுப்பு எடுத்தவள். போர் முடிந்து, முகாமிலிருந்து மீள்குடியேறிய புதிது, 2011. கோயிலுக்கு அப்போது கூரை இல்லை. வேம்புக்குக் கீழே தறப்பாள் கட்டி, உரப் பையை விரித்து, 23 பிள்ளைகளை இருத்திப் பஞ்சபுராணம் பாடப் பழக்கினேன். முதல் வாணி விழாவில் பிள்ளைகள் வரிசையில் வந்து கையில் தந்தார்கள். சவர்க்காரப் பெட்டி, பூப்போட்ட கோப்பை, இரண்டு பேனை, ஒரு சுவர்க்கடிகாரம். கடிகாரம் கொண்டுவந்த பிள்ளையின் தகப்பன் அப்போது கத்தாரில். எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு எண்ணிப் பார்த்தால் 22 பேர்தான். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் காணவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தாள். வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போகும்வரை, வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி வேம்போடு சாய்ந்து நின்றாள். எல்லாரும் போனபிறகுதான் கையை முன்னால் கொண்டுவந்தாள். நாலு முருங்கைக்காய். வாழைநாரால் இரண்டு இடத்தில் கட்டி, முடிச்சைப் பிள்ளை அவிழ்க்க முடியாதபடி இறுக்கியிருந்தார்கள். "அம்மா தந்துவிட்டவ. போன கிழமை காய் முத்தேல்லையாம்" என்றாள். அந்த ஒரு கிழமை அவள் ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. காய் முத்தும்வரை ஒரு பிள்ளை சரஸ்வதிக்கு முன்னால் வந்து நிற்க வெட்கப்பட்டிருக்கிறாள். அதுவும் நான் எடுத்த வகுப்பில்.

அடுத்த வருடம் ஒரு மாதத்துக்கு முன்னரே சொல்லிவிட்டேன், ஒருவரும் ஒன்றும் கொண்டுவரக்கூடாது என்று. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு தாய்மார் என்னோடு கதைக்காமல் விட்டார்கள். "எங்கட பொருளை ரீச்சர் வேண்டாமெண்டுட்டா" என்று அவர்களில் ஒருவர் குழாய்க்கிணற்றடியில் சொன்னதாகக் காதில் விழுந்தது. இருவருமே இல்லாதப்பட்டவர்கள். முகாமில் மூன்று வேளையும் வரிசையில் நின்று பிறர் தந்ததை வாங்கிச் சாப்பிட்டு வந்தவர்கள். சொந்தக் காணிக்கு வந்து, சொந்த முற்றத்தில் காய்த்ததை ஒருவருக்குக் கொடுக்க அவர்கள் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இல்லாதவரிடம் வாங்கக்கூடாது என்பது இரக்கம் போலத் தெரியும். கொடுக்கிற உரிமையையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டோம் என்பது பிறகுதான் தெரியும்.

ஆகவே பரிசே வேண்டாம் என்ற கட்சியில் நான் இல்லை. கொடுக்கத்தான் வேண்டும். எந்தப் பிள்ளையும் வேம்புக்குப் பின்னால் நிற்காதபடி கொடுக்க வேண்டும்.

நம் பழைய வழக்கத்தில் இதற்கு வழி இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் தமிழ்நாட்டில் நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலாட்டக் கம்போடு வீடுவீடாகப் பாடிப்போவார்கள். கிடைக்கிற காசும் தானியமும் உபாத்தியாயருக்கு. கூட்டமாகப் போனார்கள், கூட்டமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்கு அரங்கேற்றத்தில் வேட்டி சால்வை வைத்துக் கௌரவிப்பது முல்லைத்தீவுப் பக்கம் இன்றைக்கும் உண்டு. அண்ணாவி என்ற சொல்லுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1687இல் ஜோசப் வாஸ் அடிகள் இலங்கைக்கு வந்தபோது ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்தது. குருவானவர் வரமுடியாத ஊர்களில் செபம் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளுக்கு மறையைப் படிப்பித்தவர்கள் மூப்பரும் அண்ணாவிமாரும்தான். இன்றைய மறையாசிரியரின் முன்னோர் அவர்கள்.

ஞாயிறு வகுப்புக்குக் கூலி கொடுத்த காலமும் உண்டு. இங்கிலாந்தில் 1780இல் குளொஸ்டர் நகரில் ரொபேர்ட் ரெய்க்ஸ் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, படிப்பித்த பெண்களுக்கு நாளுக்கு ஒரு சிலிங் கூலி கொடுத்தார். அந்த இயக்கம் பரவப் பரவக் கூலி நின்று, தொண்டு என்ற பெயர் நிலைத்தது. நமது அறநெறி ஆசிரியர்களும் தொண்டர்கள்தான். ஆனால் தொண்டு செய்கிறவருக்கும் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், போட்டோக்கொப்பி எடுக்கக் காசு வேண்டும். அதை அவர் யாரிடமும் கேட்கமாட்டார்.

எனக்குப் பிடித்த பழைய வழக்கம் பிடியரிசி. யாழ்ப்பாணத்தில் கோயில் திருப்பணிக்கும் சைவப் பள்ளிக்கூடத்துக்கும் ஊர்கூடிப் பணம் சேர்த்த முறை அது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து ஒரு முட்டியில் போட்டுவிட வேண்டும். வீட்டில் ஒருவருக்கும் பசி கூடாது, ஒருவருக்கும் குறை தெரியாது. ஒரு பிடி ஏறத்தாழ 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு பிடி என்றால் 30 நாளில் 1,200 கிராம். 25 பிள்ளைகளின் வீடுகளிலிருந்து ஒரு மாதத்தில் 30 கிலோ. இரண்டு மாதம் சேர்த்தால் 60 கிலோ அரிசி. ரீச்சர் வீட்டில் நாலு பேர் என்றால் ஒன்றிரண்டு மாதச் சாப்பாட்டுக்குக் காணும். கத்தாரில் தகப்பன் இருக்கிற வீடும், கணவன் இல்லாமல் தாய் ஒருத்தி உழைக்கிற வீடும் அதே ஒரு பிடிதான் போட்டிருக்கும். முட்டிக்குள் யாருடைய பிடி எது என்று பிரிக்க முடியாது.

அரிசியாகக் கொடுக்க விருப்பமில்லாவிட்டால் காசாகச் சேர்க்கலாம். வாரம் 20 ரூபா, 25 பிள்ளைகள், பத்து வாரம்: 5,000 ரூபா. இந்தக் காசை ஒரு தாய் பொறுப்பெடுத்துச் சேர்க்கட்டும். கோயில் பரிபாலன சபையையோ பங்குச் சபையையோ இதற்குள் இழுக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ரசீதும் அறிவித்தலும் ஒலிபெருக்கியும் வந்தால் பெயர்ப்பட்டியலும் வரும். பெயர்ப்பட்டியல் வந்தால் முருங்கைக்காய்க்காரி மறுபடி வேம்புக்குப் பின்னால்தான்.

இதை ஏன் இவ்வளவு கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றால், வன்னியின் வறுமை கணக்கில் எழுதப்பட்ட வறுமை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் 100 பேரில் 44.5 பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. நாட்டிலேயே ஆகக் கூடியது அது. முழு நாட்டுக்கும் 14.3தான். அதற்குப் பிறகுதான் 2022 வந்தது. அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த வருடம் அது. கொப்பி விலை ஏறி, பழைய கொப்பியின் எழுதாத ஒற்றைகளைக் கிழித்துத் தைத்துக் கொடுத்த தாய்மார் இங்கே இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இன்று ரீச்சருக்கு என்ன கொண்டுபோவது என்று கேட்கிறார்கள்.

பரிசு கொடுக்கிற நாளையும் ஒருமுறை பாருங்கள். வாணி விழா விதைப்புக் காலத்தில் வருகிறது. நத்தார் வரும்போது வயல் தண்ணீருக்குள் நிற்கும். வாடைக்காற்றில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் கிடக்கும். ஆக, விவசாயிக்கும் கடற்தொழிலாளிக்கும் கையில் ஒன்றும் இல்லாத இரண்டு மாதங்களைப் பார்த்துத்தான் நாம் பரிசு கேட்கிறோம். தைப்பூசம் வரட்டும். புதிர் எடுக்கிற நாள் அது. வயலில் நாலு கதிர் அறுத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, புது நெல்லில் பொங்கி இனசனத்தோடு பகிர்ந்து உண்போம். அந்தப் பகிர்வில் ஒரு பங்கு ரீச்சருக்கும் போகட்டும். தை கடைசியிலும் மாசியிலும் அரிவிவெட்டு முடிந்து நெல் முற்றத்தில் காய்கிற நேரம், ஒரு கொத்து நெல் கொடுக்க யாரும் கைமாற்று வாங்கத் தேவையில்லை. வாணி விழாவிலும் ஒளிவிழாவிலும் பிள்ளை ரீச்சரின் காலைத் தொட்டு வணங்கட்டும், அல்லது தான் எழுதிய வாழ்த்தைக் கொடுக்கட்டும். அது போதும்.

கடைப்பொருள்தான் பரிசு என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். எந்த ஊரிலும் கேட்டுப்பாருங்கள், ஆசிரியர் வீட்டு அலுமாரியில் பிரிக்காத கோப்பைப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும். வவுனியாவின் உழுந்து, விசுவமடுவின் கச்சான், ஒரு போத்தல் காட்டுத்தேன், ஒரு சட்டி எருமைத் தயிர், வைகாசி பிறந்தால் ஓலைப்பெட்டி நிறையப் பாலைப்பழம். இவை எல்லாம் அவர் வீட்டுக்குள் போய்ச் சமையலாகும். முல்லைத்தீவில் கரையோரத்துப் பிள்ளை ஒருவன் தன் மறையாசிரியருக்கு ஒரு பை கருவாடு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மணக்கும் என்று பயந்து மூன்று பைக்குள் சுற்றியிருந்தான். அவர் அங்கேயே பிரித்து, "எங்கட கடல் மணம்" என்று முகர்ந்து சிரித்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. காசே தேவையில்லாத ஒன்று. ஆனால் அதைத்தான் நாம் கொடுக்கத் தயங்குகிறோம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரீச்சர் மண்டபத்தைக் கூட்டிப் பாய் விரித்து வைத்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் ரியூசனில் இருப்பார்கள். ஞாயிறு காலையில் ரியூசன் நடத்தக்கூடாது என்ற கோரிக்கை வடக்கில் எத்தனையோ முறை எழுந்திருக்கிறது. கட்டளை வந்துதான் நாம் விடவேண்டுமா? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் என்று வந்துவிட்டால் அறநெறிக்குப் பிள்ளையை விடுவதையே நிறுத்துகிறோம். வருடக் கடைசியில் மட்டும் பரிசுப் பொதியோடு அனுப்புகிறோம். நான் படிப்பித்த இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பரிசு, மழை பெய்த ஒரு கார்த்திகை ஞாயிறு. நாவலர் குருபூசை நடந்த கிழமை. ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்துப் போனேன். பதினேழு பேர், உரப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தறப்பாளுக்குக் கீழே ஒட்டி ஒட்டி நின்றார்கள். அந்தச் சுவர்க்கடிகாரம் எப்போதோ நின்றுபோய்விட்டது. அந்த ஞாயிறு எனக்கு நேற்றுப்போல இருக்கிறது.

வருகிற ஞாயிறு பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது வாசலோடு திரும்பிவிடாதீர்கள், அம்மாமாரே, அப்பாமாரே. சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். "ரீச்சர், வகுப்புக்கு என்ன குறையாக் கிடக்குது?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொல்லுவார். இன்னொருமுறை கேளுங்கள்.